சிலும்பும் முடியும் உப்புக் காற்றும்: வாசகர் கேள்வி – பதில்

மழைக்காலம் வந்தால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களின் பேச்சே மாறிவிடும். முகப்பரு, கருவளையம் எல்லாம் பின்னால் போய், முடி சிலும்புகிறது, பறட்டையாக நிற்கிறது, எப்படி நேராக்குவது என்ற கேள்விகள் முன்னால் வரும். இந்த இதழில் அவற்றுக்கு மட்டுமே பதில்.

காலையில் அரை மணி நேரம் செலவழித்து ஸ்ட்ரெயிட்னர் போட்டு முடியை நீட்டிவிடுகிறேன். பஸ் ஏறி நாகர்கோவில் வடசேரியில் இறங்குவதற்குள் காதோரமும் பிடரியும் பழையபடி வளைந்துவிடுகின்றன. மெஷின் மட்டமானதா, நான் செய்வதில் தப்பா?
– வாசகி, குளச்சல்

மெஷின்மேல் பழி போட வேண்டாம். முடிக்குள் இருக்கும் கெரட்டின் புரத இழைகளை முக்கியமாக இரண்டு விதமான கட்டுகள் பிடித்துவைத்திருக்கின்றன. இரண்டாவதை அடுத்த பதிலில் சொல்கிறேன். ஒன்று இளகிய கட்டு, ஹைட்ரஜன் பிணைப்பு. தண்ணீர் பட்டால் அவிழும், காயும்போது முடி எந்த வடிவில் இருக்கிறதோ அந்த வடிவில் திரும்பக் கட்டிக்கொள்ளும். ஸ்ட்ரெயிட்னர் தொடுவது இதை மட்டும்தான். இஸ்திரி போட்ட பருத்திச் சேலையில் தண்ணீர் தெளித்தால் சுருங்குகிறதே, அதே கதை. உங்கள் ஊரில் தண்ணீர் தெளிக்கவே வேண்டாம், கடல் காற்றே போதும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை என்று இரண்டும் பெய்கிற மாவட்டம் நம் கன்னியாகுமரி. காதோரமும் பிடரியும் முதலில் வளைவதற்குக் காரணம் அங்கே வியர்ப்பது.

ஆகவே நாள் முழுக்க ஊசிபோல நிற்க வேண்டும் என்ற ஆசையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வடசேரி தாண்டியும் நிற்க வைக்க முடியும்.

பெரும்பாலானவர்கள் தவறுகிற இடம் காய வைப்பதில்தான். தலை குளித்ததும் முடியைத் தேய்க்காமல், மெல்லிய தோர்த்தால் கற்றை கற்றையாக அமுக்கி ஈரம் எடுங்கள். கனத்த டர்க்கி டவலால் பரபரவென்று துவட்டினால் முடியின் மேல்செதில்கள் தூக்கிக்கொள்ளும். சிலும்பல் அங்கேயே தொடங்கிவிடும். முக்கால் பங்கு தானாகக் காயட்டும். பிறகு சூட்டிலிருந்து காக்கும் சீரமோ ஸ்பிரேயோ நடுமுடியிலிருந்து நுனிவரை தடவி, ஹேர் டிரையரின் முனையில் தட்டையான மூக்கை மாட்டி, காற்று வேரிலிருந்து நுனி நோக்கி அடிக்கும்படி பிடித்துக் காய வையுங்கள். கீழிருந்து மேலாக அடித்தால் செதில் எதிர்த்து நிற்கும்.

முடி முழுக்கக் காய்ந்து, தொட்டால் சில்லென்று இல்லாத பிறகே ஸ்ட்ரெயிட்னர். தலையை நான்காகப் பிரித்து, பிடரியிலிருந்து தொடங்கி, இரண்டு விரல் அகலமும் அடியில் தகட்டின் நிழல் தெரியும் அளவு மெல்லியதுமான கற்றைகளாக எடுங்கள். கற்றை தடித்தால் மேற்பரப்பு வேகும், நடுப்பகுதி வளைந்தபடியே இருக்கும். வெளியே போனதும் அதுதான் முதலில் எழும்பும். மெல்லிய முடிக்கு 150–160 டிகிரி செல்சியஸ், நடுத்தர முடிக்கு 170–180, நல்ல தடித்த முடிக்கு 190–200. ஒரே முறை, நிறுத்தாமல், நிதானமாக இழுக்க வேண்டும். அதே கற்றையில் ஐந்தாறு தடவை ஓட்டுவதைவிட 10 டிகிரி கூட்டி ஒரே தடவை ஓட்டுவது நல்லது. ‘ஸ்ஸ்’ என்று சத்தம் வந்தால் உடனே நிறுத்துங்கள். உள்ளே மாட்டிய ஈரம் கொதிக்கிற சத்தம் அது. அந்த ஆவி முடிக்குள்ளேயே குமிழி போட்டு, பின்னாளில் அந்த இடத்தில் முடி ஒடியும்.

முடிந்ததும் சூடு ஆறுகிறவரை சீப்பு வைக்காதீர்கள், காதுக்குப் பின்னால் ஒதுக்காதீர்கள். ஆறும்போது எந்த வடிவில் இருக்கிறதோ அதுதான் நிற்கும். கடைசியாக டைமெத்திகோன் உள்ள சீரம் இரண்டு மூன்று சொட்டு, உள்ளங்கையில் தேய்த்து மேலாகத் தடவுங்கள். ஈரக்காற்றை ஓரளவு தடுக்கும். கிளிசரின் முதலாவதாகவோ இரண்டாவதாகவோ எழுதியிருக்கும் க்ரீம் உங்கள் ஊருக்கு ஆகாது. அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து முடிக்குள் கொண்டுவரும். வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் இந்த வேலை வேண்டாம். மற்ற நாட்களில் பின்னல் போடுங்கள்.

ரீபாண்டிங், ஸ்மூத்னிங், கெரட்டின், ஹேர் போட்டாக்ஸ், நானோபிளாஸ்டியா என்று பார்லரில் ஒரு பட்டியலே சொல்கிறார்கள். விலை மட்டும்தான் வித்தியாசமா? எது நிற்கும், எது முடியைக் கெடுக்கும்?
– வாசகி, குலசேகரம்

ரப்பர் வெட்டுகிற ஊரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள், விளக்குவது சுலபம். உங்கள் ஊர் ரப்பர் ஷீட் கம்பெனிக்குப் போய்க் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கப்படும்போதுதான் டயருக்கான உறுதி வருகிறது. ரப்பர் இழைகளுக்கு நடுவே கந்தகம் பாலம் போட்டுவிடுகிறது. முடிக்குள் கெரட்டின் இழைகளுக்கு நடுவிலும் பிறவியிலேயே இப்படிக் கந்தகப் பாலங்கள் உண்டு. மேலே சொன்ன இரண்டாவது கட்டு இதுதான். தண்ணீருக்கும் சூட்டுக்கும் இது அசையாது. சுருட்டை முடி சுருட்டையாகவே நிற்பதில் இதற்குப் பெரிய பங்கு. இந்தப் பாலத்தை வெட்டுகிறார்களா, வெட்டாமல் மேலே பூசுகிறார்களா என்று கேட்டாலே பட்டியல் பாதியாகக் குறைந்துவிடும்.

ரீபாண்டிங் வெட்டுகிற வகை. முதல் க்ரீமில் இருப்பது பெரும்பாலும் அமோனியம் தயோகிளைக்கோலேட். காரத்தன்மை உள்ளது, பி.எச். அளவு ஒன்பதை ஒட்டி இருக்கும். இது முடியை உப்ப வைத்து உள்ளே போய்ப் பாலத்தை வெட்டும். தலைத்தோலிலிருந்து ஒரு சென்டிமீட்டராவது விட்டுத்தான் தடவ வேண்டும். பெட்டியில் 20 நிமிடம் என்றோ 30 நிமிடம் என்றோ போட்டிருந்தாலும் கடிகாரத்தை நம்பி உட்காருகிறவர் நல்ல கைக்காரர் அல்ல. பத்து நிமிடம் ஆனதும் ஒரு முடியை எடுத்து, க்ரீமைத் துடைத்து, விரலில் சுற்றி விட்டுப் பார்ப்பார். பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்ப்பார். விரலின் வளைவு அப்படியே முடியில் தங்கினால் பாலம் இளகிவிட்டது என்று பொருள். முடி தானே எழும்பித் தன் பழைய சுருளுக்கே போனால் இன்னும் ஆகவில்லை. இழுத்தால் ரப்பர் பேண்டு போல நீண்டு திரும்பாமல் போனால் நேரம் கடந்துவிட்டது.

பிறகு ஷாம்பு போடாமல் வெறும் தண்ணீரில் பத்து நிமிடமாவது அலச வேண்டும். அவசரப்படுகிற பார்லர்கள் இங்கேதான் நேரத்தைத் திருடுகின்றன. க்ரீம் மிச்சமிருந்தால் அது வெட்டிக்கொண்டே இருக்கும், அதன்மேல் சூடும் ஏறும். முழுக்கக் காய வைத்து, மெல்லிய கற்றைகளாக ஸ்ட்ரெயிட்னர் இழுத்து, அதன் பிறகு நியூட்ரலைசர். ஹைட்ரஜன் பெராக்சைடோ சோடியம் புரோமேட்டோ உள்ள இந்த இரண்டாவது க்ரீம்தான் வெட்டிய பாலங்களைப் புது இடத்தில் திரும்பக் கட்டுகிறது. 10 முதல் 20 நிமிடம் வைத்து அலசுவார்கள். நீண்ட முடிக்கு எல்லாம் சேர்த்து நான்கைந்து மணி நேரம் ஆகும். இரண்டு மணி நேரத்தில் முடித்துத் தருகிறேன் என்று சொன்னால் எந்தப் படியைத் தாண்டப்போகிறார் என்று கேளுங்கள்.

இப்படிச் செய்த முடி வெட்டி எறிகிறவரை நேராகவே இருக்கும். வேரிலிருந்து வருகிற புது முடி மாதம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர், தன் பழைய குணத்தோடுதான் வரும். ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் புது வளர்ச்சிக்கு மட்டும் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். ஸ்மூத்னிங் என்பது பல பார்லர்களில் இதே வேலையை வீரியம் குறைந்த க்ரீமில் செய்வது. தட்டையாக ஒட்டாமல் சற்று இயல்பாக இருக்கும். முறை அதேதான், விதிகளும் அவையே.

கெரட்டின் ட்ரீட்மென்ட் மேலே பூசி அடைக்கிற வகை. பாலத்தை வெட்டாது. கரைசலைத் தடவிக் காய வைத்து, 210–230 டிகிரி சூட்டில் பல தடவை இழுத்து முடியின்மேல் ஒரு படலம் போல இறுக்குகிறார்கள். மூன்று முதல் ஐந்து மாதத்தில், தலை குளிக்கக் குளிக்க, கழன்றுவிடும். சிக்கல் அந்த இறுக்குகிற பொருளில் இருக்கிறது. பல கரைசல்களில் அது ஃபார்மால்டிஹைட், அல்லது சூடாக்கினால் ஃபார்மால்டிஹைட் வெளியிடும் பொருள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்தது. பாட்டிலில் ‘ஃபார்மால்டிஹைட் இல்லை’ என்று பெரிதாகப் போட்டுவிட்டு, பின்னால் சிறிய எழுத்தில் ‘மெத்திலின் கிளைக்கால்’ என்று எழுதியிருந்தால் இரண்டும் ஒன்றே. ஃபார்மால்டிஹைட் தண்ணீரில் கலந்தால் கிடைக்கிற பெயர் அது. ஃபார்மலின், ‘மெத்தனல்’ என்ற பெயர்களும் அதே பொருளுக்குத்தான் (மெத்தனால் என்பது வேறு பொருள்). இழுக்கும்போது கண் எரிந்து தொண்டை கரகரத்தால் உடனே எழுந்து வெளியே போங்கள். ஏ.சி. அறையைச் சாத்திக்கொண்டு இதைச் செய்யவே கூடாது. நீங்கள் ஒரு நாள் மூச்சிழுக்கிறீர்கள். அங்கே வேலை செய்கிற பெண் தினமும் இழுக்கிறாள்.

ஹேர் போட்டாக்ஸில் முகத்தில் ஊசி போடுகிற போட்டாக்ஸ் எதுவும் கிடையாது. பெயர் மட்டும்தான். அதிலும் நானோபிளாஸ்டியாவிலும் ஃபார்மால்டிஹைடுக்குப் பதிலாகப் பல கம்பெனிகள் கிளையாக்சிலிக் அமிலம் சேர்க்கின்றன. இதுவும் அலட்சியமாக எடுத்துக்கொள்கிற பொருள் இல்லை. இந்த அமிலம் கலந்த க்ரீமால் மூன்று முறை முடியை நேராக்கிய ஒரு பெண்ணுக்கு மூன்று முறையும் சிறுநீரகம் பாதித்ததைப் பிரான்ஸ் மருத்துவர்கள் 2024-இல் வெளியிட்டார்கள். நேராக்கிய அன்றோ மறுநாளோ வாந்தி, இடுப்பு வலி, காய்ச்சல், சிறுநீர் குறைவு என்று எது வந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முடிக்கு என்ன போட்டீர்கள் என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். சிறுநீரகப் பிரச்சினை ஏற்கெனவே உள்ளவர்கள் இந்த வகையைத் தொடவே வேண்டாம்.

எது நல்லது என்று நேராகக் கேட்டால்: சாயம் போடாத, உறுதியான, நல்ல சுருட்டை முடியாக இருந்து, வருடாவருடம் வேரைச் சரிசெய்யப் பணமும் பொறுமையும் இருந்தால், நல்ல கையில் ரீபாண்டிங். வெறும் சிலும்பல்தான் தொல்லை என்றால் இந்தப் பட்டியலில் எதுவும் தேவையில்லை. நல்ல கண்டிஷனரும் முடியின் கனத்துக்கேற்ற வெட்டும் போதும். எதைச் செய்தாலும் பாட்டிலைக் கையில் வாங்கிப் படித்துவிட்டு, காதுக்குப் பின்னால் ஒரு துளி தடவி 24 மணி நேரம் பார்த்துவிட்டு உட்காருங்கள். தலையில் புண்ணோ கீறலோ இருந்தால் அன்றைக்கு வேண்டாம்.

ஜனவரியில் கல்யாணம். அதற்கு ஒரு வாரம் முன்னால் ரீபாண்டிங் செய்தால் போட்டோவில் நன்றாக இருக்கும் என்று தோழிகள் சொல்கிறார்கள். செய்யலாமா?
– மணப்பெண், நாகர்கோவில்

வேண்டாம் தங்கச்சி. போட்டோவில் உங்கள் விரிந்த முடி தெரியப்போவதில்லை, கொண்டையும் பூவும்தான் தெரியும். புதிதாக ரீபாண்டிங் செய்த முடி பட்டுநூல்போல வழுக்கும். கொண்டை ஊசி நிற்காது, தோவாளைச் சந்தையிலிருந்து வருகிற பிச்சிச் சரத்தின் கனத்துக்கு மெல்லச் சரியும். தேவாலயக் கல்யாணமாக இருந்து தலையில் நெட் குத்துவதானால் சிக்கல் இன்னும் அதிகம். அது பின்னாலிருந்து இழுத்துக்கொண்டே இருக்கும். கடைசியில் அலங்காரம் செய்கிறவர் அந்த நேர்முடியைச் சூடு போட்டு நெளிநெளியாக்கி, பின்சீவி, ஸ்பிரே அடித்துத்தான் பிடி கொண்டுவர வேண்டும். காசு கொடுத்து நீட்டியதைக் காசு கொடுத்துச் சுருட்டுவதா? உங்கள் இயற்கை நெளிவு கொண்டைக்குப் பிறவிப் பிடிமானம்.

அதையும் மீறி வேண்டுமென்றால் கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்பே செய்துவிடுங்கள். முடி ஒடிகிறதா, உதிர்கிறதா என்று தெரியவும், தெரிந்தால் சமாளிக்கவும் அவகாசம் இருக்கும். நவம்பரில் அடைமழை நாளாகப் பார்த்துத் தேதி குறிக்காதீர்கள். செய்த பிறகு பெரும்பாலான க்ரீம்களுக்கு இரண்டு மூன்று நாள் நனையக் கூடாது, கட்டக் கூடாது, கிளிப் குத்தக் கூடாது, ஹெல்மெட்டும் ஆகாது.

வரவேற்புக்கு மட்டும் முடியை விரித்துவிட ஆசையென்றால், அன்று மாலை டிரையரும் ஸ்ட்ரெயிட்னரும் போதும்.

தேங்காய்ப்பாலில் எலுமிச்சைச் சாறும் சோளமாவும் கலந்து காய்ச்சிப் பூசினால் முடி நிரந்தரமாக நேராகும் என்று வீடியோவில் பார்த்துச் செய்தேன். இரண்டு முறையும் ஒன்றும் ஆகவில்லை. வினிகர் கூட்டினால் வேலை செய்யும் என்கிறாள் பக்கத்து வீட்டு அக்கா. வீட்டில் ஷீட் அடிக்கிற ஆசிட் இருக்கிறது, அதில் சில சொட்டு விடலாமா?
– வாசகி, அருமனை

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: கூடவே கூடாது. ரப்பர் பால் உறைய வைக்க வீட்டில் இருப்பது பெரும்பாலும் ஃபார்மிக் அமிலம். எத்தனை சொட்டாக இருந்தாலும் தலைக்கு அது வேண்டாம். தோலை வேக வைக்கும், கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். குளியலறை அலமாரிப் பக்கமே அந்தக் கேனைக் கொண்டுவராதீர்கள். தப்பித்தவறிப் பட்டுவிட்டால் இருபது நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்து, பிறகு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எலுமிச்சையோ வினிகரோ கந்தகப் பாலத்தை வெட்டாது. எத்தனை நாள் பூசினாலும் நிரந்தரமாக நேராக்காது. அந்தக் கலவையில் தேங்காய்ப்பாலின் கொழுப்பு முடியை மேலாகப் போர்த்தும், சோளமாவு காய்ந்து விறைப்பாகும். பூசி, சீவி, நேராகத் தொங்கவிட்டுக் காய வைத்ததால் ஒரு நாள் நேராகத் தெரிந்திருக்கும். அடுத்த குளியலோடு போகும்.

சிலும்பலை அடக்க வீட்டிலேயே செய்யத்தக்கது ஒன்று உண்டு. ஆளி விதை இரண்டு மேசைக்கரண்டியை இரண்டு கப் தண்ணீரில் போட்டு மிதமான தீயில் கிளறிக்கொண்டே இருங்கள். எட்டுப் பத்து நிமிடத்தில் முட்டை வெள்ளைக்கருபோல நூல் விடும். அந்தப் பதத்திலேயே இறக்கி, சூடு ஆறுவதற்குள் மெல்லிய துணியிலோ பழைய நைலான் வலையிலோ வடித்துவிட வேண்டும். ஆறினால் கெட்டிப்பட்டு ஒரு சொட்டும் இறங்காது. ஃபிரிட்ஜில் ஒரு வாரம் நிற்கும், வாடை மாறினால் கொட்டிவிடுங்கள். தலை குளித்து ஈரம் சொட்டுகிற முடியில் ஒரு நெல்லிக்காய் அளவு தடவி, அகலப் பல் சீப்பால் ஒருமுறை சீவி, அதன்பின் கை வைக்காமல் காயவிடுங்கள். நேராகாது, ஆனால் நெளிவு ஒழுங்காக விழுந்து, பறட்டை அடங்கும். காய்ந்ததும் மொறுமொறுப்பாக இருந்தால் உள்ளங்கையில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தேய்த்துக் கசக்கிவிடுங்கள்.

லேசான நெளிவுள்ளவர்களுக்கு இன்னொன்று: முடி பத்தில் ஒன்பது பங்கு காய்ந்ததும் தலையைச் சுற்றி ஒரே பக்கமாகத் தட்டையாகச் சுற்றி, நீண்ட கிளிப்புகளால் குத்தி, சாட்டின் துணி கட்டித் தூங்கினால் காலையில் சூடில்லாமலே நீண்டிருக்கும்.

ஒரு பார்லரில் இரண்டாம் தடவை ரீபாண்டிங் செய்தேன். மூன்றாம் வாரம் முதல் உச்சியில் இரண்டு விரல் நீளத்தில் முடி ஒடிந்து ஒடிந்து கையோடு வருகிறது. வழுக்கை விழுமோ என்று பயமாக இருக்கிறது.
– வாசகி, தக்கலை

கையில் வருகிற முடியை வெள்ளைத் தாளில் வைத்துப் பாருங்கள். ஒரு முனையில் கடுகைவிடச் சிறிய வெள்ளை முடிச்சு இருந்தால் அது வேரோடு உதிர்வது. இரண்டு முனையும் ஒடிந்த குச்சி போல இருந்தால் நடுவில் ஒடிவது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இரண்டாவதுதான். அப்படியென்றால் வேர் பத்திரம், வழுக்கை விழாது.

இரண்டாம் தடவை செய்யும்போது புது வளர்ச்சியில் மட்டும் க்ரீம் போட வேண்டும். பழைய நேர்முடியின்மேல் ஏறினால், ஏற்கெனவே ஒருமுறை வெட்டிக் கட்டிய பாலத்தைத் திரும்ப வெட்டுகிறது. பழையதும் புதியதும் சந்திக்கும் கோட்டில்தான் ஒடியும். உங்களுக்கு ஒடிகிற இடமும் அதுவாகவே இருக்க வேண்டும். முதலில் உச்சியில் தடவத் தொடங்கி, முழுத் தலைக்கும் பூசி முடித்து, எல்லாவற்றையும் ஒன்றாக அலசினாலும் இப்படி ஆகும். உச்சியில் க்ரீம் அரை மணி நேரம் கூடுதலாக நின்றிருக்கும், தலைச்சூடு வேறு அதற்கு வேகம் கொடுக்கும்.

வெட்டுப்பட்டதை ஒட்ட எந்த ஸ்பாவாலும் முடியாது. இனி ஒடியாமல் காப்பதுதான் வேலை. ஒரு வருடத்துக்கு க்ரீம், சாயம், ப்ளீச் எதுவும் வேண்டாம். ஸ்ட்ரெயிட்னரைப் பெட்டியில் வைத்து மூடுங்கள். ஈரமான முடியைச் சீவாதீர்கள். கண்டிஷனர் இருக்கும்போதே விரலால் சிக்கெடுங்கள். ரப்பர் பேண்டு ஒடிகிற கோட்டின்மேல் வராதபடி தளர்வாகப் பின்னுங்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை புரதம் கலந்த ஹேர் மாஸ்க் போடலாம். அதற்கு மேல் போட்டால் முடி விறைத்து இன்னும் ஒடியும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நுனியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டே வாருங்கள். தலைத்தோலில் எரிச்சலோ, நீர் கோத்த புண்ணோ, வட்டமாக முடியில்லாத இடமோ தெரிந்தால் தோல் மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கணவர் துபாயிலிருந்து ஸ்ட்ரெயிட்னர் கொண்டுவந்தார். பிளக் நம் ஊர் சாக்கெட்டில் நுழையவில்லை. மின்சாரம் ஒத்துவருமா?
– வாசகி, தேங்காப்பட்டணம்

ஒத்துவரும். அங்கேயும் நம் ஊர் அளவு வோல்டேஜ்தான், பின்தான் செவ்வகம். ஆட்டாமல் இறுக்கமாக நிற்கிற அடாப்டர் வாங்குங்கள். ஆடினால் பொறி அடித்துக் கருகும். அமெரிக்காவிலிருந்து வந்ததென்றால் மட்டும் கைப்பிடியில் பாருங்கள். ‘100–240’ என்று இருந்தால் பயமில்லை. ‘120’ மட்டும் இருந்தால் செருகிய நொடியே எரிந்துபோகும்.

எத்தனை விலையுள்ள ஷாம்பு போட்டாலும் முடி நார்போல இருக்கிறது. எங்களுக்குப் போர் தண்ணீர்தான்.
– வாசகி, ராஜாக்கமங்கலம்

ஷாம்புவை மாற்றுவதற்கு முன் தண்ணீரைப் பாருங்கள். பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதா, சோப்பு நுரைக்காமல் திரிதிரியாகிறதா? அது உவர்ப்பும் சுண்ணாம்பும் உள்ள கடினத் தண்ணீர். அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் முடிமேல் படிந்து சொரசொரப்பாக்கும். அந்தப் படிவின்மேல் கண்டிஷனர் பிடிக்காது. பார்லரில் நேராக்குகிற க்ரீமும் திட்டுத்திட்டாகத்தான் இறங்கும்.

இ.டி.டி.ஏ. உள்ள, படிவு நீக்கும் ஷாம்புவை இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை போட்டு ஐந்து நிமிடம் வைத்து அலசுங்கள். மற்ற நாட்களில் கடைசி அலசலுக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் சமையல் வினிகர் ஒரு மேசைக்கரண்டி. நடுமுடியிலிருந்து நுனிவரை ஊற்றி, ஒரு நிமிடம் கழித்து வெறும் தண்ணீர். சமையல் வினிகர் என்றால் நான்கைந்து சதவீத அசிட்டிக் அமிலம் உள்ளது; மேலே அருமனை சகோதரிக்குச் சொன்னதை நீங்களும் ஒருமுறை படித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும்விடச் சிறந்தது மழைத்தண்ணீர். வருடத்தில் இரண்டு மழை பெய்கிற ஊரில் அதை வீணாக்கலாமா? முதல் மழை கூரையைக் கழுவட்டும். அடுத்த மழையில் பிடித்து மூடிவைத்து, தலைக்குக் கடைசி அலசலுக்கு மட்டும் எடுத்தாலும் வித்தியாசம் தெரியும்.

மகளுக்குப் பன்னிரண்டு வயது. சின்ன வயதில் நேராக இருந்த முடி இப்போது சுருண்டு சிலும்புகிறது. பள்ளியில் கேலி செய்கிறார்கள் என்று அழுகிறாள். ஸ்மூத்னிங் செய்துவிடலாமா?
– ஒரு தாய், பூதப்பாண்டி

இந்த வயதில் முடியின் குணம் மாறுவது இயல்பு, நோயல்ல. இன்னும் மாறும். மாறிக்கொண்டிருக்கிற முடியில் நிரந்தர வேலை செய்யக் கூடாது. குழந்தையின் தலைத்தோல் மெல்லியது. மூச்சில் போகிற மருந்தும் அவளுக்கு அதிகப் பங்கு.

அவள் முடியைக் காய்ந்த பிறகு சீவுகிறீர்களா? பறட்டைக்குப் பாதிக் காரணம் அதுதான். நெளிமுடியை ஈரத்தோடு, கண்டிஷனர் தடவிய நிலையில் மட்டும் அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுக்க வேண்டும். காலையில் தண்ணீர் தெளித்து, ஒரு சொட்டுச் சீரம் தடவி, இரட்டைப் பின்னலை நெற்றியோரம் இழுக்காமல் போடுங்கள். செம்பருத்தித் தாளி, அதாவது செம்பருத்தி இலையை அரைத்துத் தேய்க்கிற வழக்கம் வீட்டில் இருந்தால் விடாதீர்கள். அந்தக் கொழகொழப்பு சிக்கை நன்றாக இளக்கும், அரைத்ததை வடிகட்டித் தேய்த்தால் இலைத்துகள் தங்காது. அழுகைக்கு மருந்து முடியில் இல்லை. வகுப்பு ஆசிரியையிடம் ஒருமுறை நேரில் பேசுங்கள்.

பிரசவமாகி நான்கு மாதம். முடி கொத்துக்கொத்தாகக் கொட்டுகிறது. நேராக்கினால் உதிர்வது குறையும் என்கிறார்கள்.
– வாசகி, குழித்துறை

குறையாது. பிரசவத்துக்குப் பின் மூன்று நான்கு மாதத்தில் இப்படிக் கொட்டுவது வழக்கம். கர்ப்ப காலத்தில் உதிராமல் தங்கிய முடி இப்போது சேர்ந்து விழுகிறது. பெரும்பாலும் குழந்தைக்கு ஒரு வயது ஆவதற்குள் சரியாகும். அதுவரை, பால் கொடுக்கிற நாள்வரையும், மேலே சொன்ன எந்த ட்ரீட்மென்ட்டும் வேண்டாம். களைப்பும் அதிகமாக இருந்தால் ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்துவிடுங்கள்.

ரீபாண்டிங் செய்தவர்கள் தேங்காய் எண்ணெய் தொடவே கூடாது, தொட்டால் திரும்பச் சுருளும் என்று சொன்னார்கள். எண்ணெய் தேய்க்காமல் எனக்குத் தலை வலிக்கிறது.
– வாசகி, மார்த்தாண்டம்

எண்ணெய்க்குக் கந்தகப் பாலத்தை அவிழ்க்கிற சக்தி கிடையாது. செய்வதற்கு முந்தைய நாள்தான் எண்ணெய் கூடாது. க்ரீம் உள்ளே போவதை அது தடுக்கும். செய்து முடித்து முதல் தடவை அலசிய பிறகு தாராளமாகத் தேய்க்கலாம். தேய்க்கவே வேண்டும் என்றுகூடச் சொல்வேன். தேங்காய் எண்ணெயில் உள்ள லாரிக் அமிலம் முடிக்குள் ஊடுருவக்கூடியது. குளிக்குமுன் தடவினால் தண்ணீரில் முடி ஊதுவதையும் புரதம் கரைவதையும் குறைக்கும். க்ரீம் பட்டு நலிந்த முடிக்கு இது பெரிய உதவி.

நீண்ட முடிக்கு இரண்டு தேக்கரண்டி போதும். லேசாகச் சூடாக்கி, குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன் நடுமுடியிலிருந்து நுனிவரை தடவுங்கள். உச்சியில் ஒரு கை வைத்தால் தலைவலிக்கும் ஆயிற்று. சல்ஃபேட் இல்லாத ஷாம்புவைத் தண்ணீரில் கலந்து இரண்டு முறை போட்டால் பிசுக்குப் போய்விடும். சீயக்காய்ப் பொடியை நேராகத் தேய்க்காதீர்கள், அதன் சொரசொரப்பு இந்த முடிக்கு ஆகாது. எண்ணெய் இருக்கிற முடியில் ஸ்ட்ரெயிட்னர் மட்டும் வைத்துவிடாதீர்கள். தகட்டில் எண்ணெய் புகைந்து கருகிப் பிடிக்கும், அடுத்த தடவை முடி அதில் மாட்டி அறும். அப்படிப் பிடித்திருந்தால் பிளக்கைப் பிடுங்கி, கை பொறுக்கிற சூட்டுக்கு ஆறியதும், ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, அது முழுக்கக் காய்ந்த பிறகே திரும்பச் செருகுங்கள்.